மேர் ஐயாவின் விரலும் இருபத்திரண்டு மாமரங்களும்

1. காய்த்துக் குலுங்கிய வருஷம்

பாகூர் கொம்யூன் தோட்டத்தில் நான் தற்காலிகத் தோட்டக்காரனாகச் சேர்ந்தது பிரெஞ்சுக்காரர் ஆட்சியில், முப்பதுகளில். முதல் நாள் கொடுத்த வேலை, இருபத்திரண்டு ஒட்டு மாங்கன்றுகளுக்கும் நம்பர் தகரம் கட்டுவது. தகரம் களவு போகும் என்று மேரியில் எச்சரித்தார்கள். கொம்யூன் என்றால் ஊராட்சி மாதிரி, மேரி என்றால் அதன் அலுவலகம். கொம்யூன் தலைவர் மேர். நான் கட்டுக்கம்பியை அடித்தண்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, குறடு போட்டு முறுக்கிவிட்டேன். ஒரு தகரம்கூடப் போகவில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு.

நாலாம் வருஷம் மரங்கள் காய்த்த காய்ப்பு இருக்கிறதே, கிளைக்குக் கிளை முட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. மேர் ஐயா நெல்லும் கரும்பும் போடும் பெரிய குடியானவர், லேசில் யாரையும் மெச்சமாட்டார். அவரே நாலு பெரியமனிதர்களை அழைத்துக்கொண்டு பார்க்க வந்தார்.

"இன்னாடா போட்ட கோவிந்தா, இப்பிடிக் காச்சிருக்குது?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்றே சொல்லியிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"மீன் எருங்க ஐயா. கடக்கரையிலேர்ந்து கொண்ணாந்து, என் கைப்பக்குவத்துல கலந்து போட்டேன்."

"உன்ன நெரந்தரம் பண்ணிட்றேன், போ" என்றார் அவர். மழை பெய்தால் வேலை கிடையாது என்று வீட்டுக்கு அனுப்பப்படுகிறவனுக்கு, அதுவும் மனைவி பிள்ளை உண்டாகியிருக்கும்போது, அந்த வார்த்தை மாம்பழத்தைவிட இனித்தது.

ஆடி பிறந்ததும் இலைகள் மஞ்சளாகத் தொடங்கின. இன்னும் கொஞ்சம் மீன் எரு போட்டேன். மேரி குமாஸ்தா மூக்கைப் பிடித்துக்கொண்டு சன்னலைச் சாத்தினார். இலைகள் இன்னும் மஞ்சளாயின.

2. பேனா பிடிக்காத விரல்

ஐப்பசியில் என் நிரந்தர உத்தரவு எழுதி மேசைக்கு வந்துவிட்டது. கையெழுத்துதான் பாக்கி. ஓடிப்போய் நின்றேன். மேர் ஐயாவின் வலது மோதிர விரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கிக் கன்றியிருந்தது. இரண்டு நாளைக்கு முன் குளவி கொட்டியதாம்.

"பேனாவே புடிக்க முடியல. அடுத்த வாரம் வாடா" என்றார்.

அடுத்த வாரம்வரை காத்திருக்க என்னால் ஆகுமா? "ஆஸ்பத்திரி கூப்புடு தூரந்தானுங்க ஐயா" என்று கெஞ்சி, நானே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். கம்பவுண்டர் சவரிமுத்து விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலில் இறுகிக் கிடந்த மோதிரத்துக்கு உள்ளங்கைப் பக்கம் விரல் சாதாரணமாக இருந்தது. நுனிப் பக்கம்தான் அத்தனை வீக்கமும்.

"மோதிரம் இறுக்குதுன்னா ரத்தமே உள்ள வரக்கூடாதில்ல? இது இன்னாத்துக்கு வீங்குது?" என்று கேட்டார் மேர் ஐயா.

"ரத்தம் வர்ற கொழா ஆழத்துல ஓடுதுங்க ஐயா, வேகமும் ஜாஸ்தி. திரும்பிப் போற கொழா மேலாக்க, தோலுக்கு அடியிலயே கீது. மோதிரம் மேலாக்க கீறதத்தான் மொதல்ல நசுக்கும். வர்றது வந்துகினே இருக்குது, போறதுக்கு வழியில்ல. அதான்."

சொல்லிக்கொண்டே நூலின் ஒரு முனையை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து, மறுமுனையை விரல் நுனிவரை நெருக்கமாகச் சுற்றினார். சோப்பைத் தடவி, அடியில் நுழைத்த முனையைப் பிடித்துப் பிரிக்கப் பிரிக்க, மோதிரம் சுற்றுக்குச் சுற்று நகர்ந்து கழன்று வந்தது. மேர் ஐயா போட்ட கூச்சலில் வெளியே வண்டிமாடு மிரண்டது.

எனக்குத் தோட்டம் ஞாபகம் வந்தது. என் மரங்களிலும் தகரம் கட்டிய கம்பிக்கு மேலே தண்டு இப்படித்தான் புடைத்திருந்தது. நல்ல திரட்சி என்று தட்டிக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்! தோட்டக்காரனுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? வேர் உறிஞ்சும் தண்ணீர் உள்கட்டையில் மேலே ஏறுகிறது. இலை சமைக்கும் சாப்பாடு பட்டை வழியாகக் கீழே இறங்குகிறது. கம்பி பட்டையை நெரித்துவிட்டது. இறங்க வழியில்லாத சாப்பாடெல்லாம் மேலேயே தங்கிக் காயாகக் காய்த்தது. வேர் பட்டினி கிடந்தது.

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். கையெழுத்து விழுந்த பிறகு கம்பியை வெட்டினால் யாருக்குத் தெரியும்? அந்த எண்ணம் வந்தது, மறைப்பானேன். ஆனால் மேர் ஐயா விரலை நீவிக்கொண்டே சொன்னார்: "வில்லியனூர் கொம்யூன்காரங்களும் மாந்தோப்பு வெச்சிருக்காங்க. எருவுலேர்ந்து தகரம் கட்றதுவரைக்கும் உன்னப்போலவே செய்யணுமாம். உன்ன அனுப்பச் சொல்லிக் கேக்கறாங்கடா."

அதற்குமேல் தாங்கவில்லை. "ஐயா, எருவும் இல்ல, கைப்பக்குவமும் இல்லீங்க. நான் கட்டின கம்பி மரத்தக் கொன்னுகினு இருக்குது. அந்த மோதிரம் மாதிரிதான்" என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

மேர் ஐயா கழன்ற மோதிரத்தை எடுத்துப் பார்த்தார். "அப்ப நாலு பேர் எதிர நான் மெச்சினது கம்பியத்தானா?" என்றார். சவரிமுத்து சட்டென்று மருந்து அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

"போயி மொதல்ல வெட்டுடா. மரம் பொழைக்குதா பாப்போம். கையெழுத்து அப்பால."

3. பங்குனி

கம்பி பட்டைக்குள் புதைந்து போயிருந்தது. உளியால் நெம்பி எடுத்து, காயத்தில் சாணமும் செம்மண்ணும் குழைத்துப் பூசினேன். வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மனைவி, "கையெழுத்த வாங்கிகினு உளறியிருக்கக் கூடாதா?" என்றாள். மார்கழியில் எங்களுக்குப் பெண் பிறந்தாள். நான் இன்னும் தற்காலிகம்தான். இரண்டு மரங்கள் பட்டுப்போயின. மற்றவை வாழுமா சாகுமா என்று தெரியாமல் தினமும் விடிந்ததும் போய்ப் பார்ப்பேன்.

பங்குனியில் ஒரு நாள் போனால், எனக்கு முன்னால் மேர் ஐயா அங்கே நிற்கிறார். மரம் மரமாகப் போய்க் கொழுந்தை எண்ணிக்கொண்டிருந்தார். செம்பு நிறத்தில், தொட்டால் துவளுகிற கொழுந்து. இருபது மரத்திலும் இருந்தது.

"பூ ஒண்ணுகூட இல்ல. இந்த வருஷம் ஒரு காயும் கெடையாதுடா" என்றார்.

"கெடையாதுங்க ஐயா."

"குனி."

எதற்கென்று தெரியாமல் குனிந்தேன். முதுகில் காகிதத்தை விரித்தார். "ஆடாத நில்லுடா, கையெழுத்து கோணிக்கப் போவுது!" என்றார். எங்கே ஆடாமல் நிற்பது? எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துகொண்டிருந்தன.

கோணல் கையெழுத்தோடு இருபத்தேழு வருஷம் வேலை பார்த்தேன். அளவுக்கு மீறிக் காய்த்த மரத்தைக் கண்டால் எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்கள். நான் முதலில் குனிந்து அடிமரத்தைத் தடவிப் பார்ப்பேன்.