தோல்வாரால் கட்டிய ஈதர் குப்பி

பகல் இரண்டு மணிக்கு, எங்கள் பள்ளியில் மணி அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், என் மகன் கையில் ஈதர் குப்பி வெடித்தது. ஆள் வந்து சொல்வதற்குள் நான் கரும்பலகையில் ஒரு பின்னக் கணக்கை எழுதி முடித்திருந்தேன்.

ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றின் பரிசோதனை அறையில் அவனுக்கு வேலை. தோலில் உள்ள கொழுப்பை ஈதரில் கரைத்துப் பிரித்து அளப்பான். அங்கே எந்தக் குப்பியின் மூடியையும் ஈரமான பச்சைத்தோல் வாரால் இறுகக் கட்டுவது வழக்கம். காயக் காய வார் சுருங்கி, இரும்பு மாதிரி பிடித்துக்கொள்ளும். மெருகு வேலைக்கு வைத்திருந்த பியூட்டைல் ஆல்கஹாலை அப்படித்தான் கட்டுவார்கள். விளிம்புவரை நிரம்பியிருந்த ஈதரையும் அவன் அப்படியே கட்டி, ஏப்ரல் மாத வெயில் விழும் ஜன்னலில் வைத்துவிட்டான். எடுக்கப் போனபோது வெடித்து, கண்ணாடிச் சில்லு கண்ணில் தெறித்தது.

கம்பவுண்டர் இரண்டு கண்களையும் கட்டி, வேலூரிலிருந்து கண் டாக்டர் வரும்வரை அவிழ்க்கக் கூடாது என்றார். அவனை வீட்டுக்குக் கொண்டுவந்து விட்ட தொழிற்சாலை மேஸ்திரி கட்டிலருகிலேயே உட்கார்ந்திருந்தார்.

"இன்னா தம்பி, அந்த ஆல்கஹாலையும் இப்டித்தானே கட்னோம்? அது சும்மாதானே கெடந்துச்சி?"

"ரெண்டுலயும் அதே அணுக்கள்தான் மேஸ்திரி, எடையும் ஒண்ணுதான். ஆனா ஆல்கஹால்ல ஒரு துகள் பக்கத்துத் துகளைக் கெட்டியா பிடிச்சிக்கும். பிச்சி எடுத்துக் கொதிக்கவைக்க நூத்திப் பதினேழு டிகிரி வேணும். ஈதர்ல அந்தப் பிடி இல்ல. முப்பத்தஞ்சே போதும்."

"முப்பத்தஞ்சா? நம்ம ஊர்ல நெழலே அதுக்கு ஜாஸ்தியாச்சே!"

"பரீட்சையில எழுதியிருக்கேன். கட்டும்போது ஞாபகம் வரல."

மேஸ்திரி சிரித்தார். அவனும் சிரித்தான். கட்டுக்குள்ளே வெளிச்சம் தெரிகிறதா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. தெரியவில்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன்? தலையணையைச் சரி செய்தேன். மறுபடியும் சரி செய்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் ரயிலிறங்கி டாக்டரம்மா வந்தார். கட்டை அவிழ்த்தார், கழுவினார், லென்ஸை வைத்து நெடுநேரம் பார்த்தார். அவன் அவரிடமும் ஈதரைப் பற்றி ஆரம்பித்தான்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார்.

"கருவிழியில ஒண்ணும் இல்லம்மா. சில்லு இமையிலதான் இருக்கு. பார்வை போகாது. இந்தப் பேச்சை மட்டும் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க, நான் சில்லை எடுக்கணும்."