தேத்தண்ணியில் கறுத்த தோசை

இரும்புக்கும் தேத்தண்ணிக்கும் ஆகாது. இரண்டும் சேர்ந்தால் தேத்தண்ணி மைபோலக் கறுக்கும். அப்படிக் கட்டுண்ட இரும்பை உடம்பு சரியாக எடுத்துக்கொள்ளாது. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் ஒரு விரிவுரையில் இதைச் சொல்லிவிட்டுத் திரையில் அடுத்த படத்துக்குப் போனார்கள். நான் அடுத்த படத்துக்குப் போகவில்லை. என் அம்மா கடைசிப் பிள்ளையைச் சுமந்த மாதங்களில், கிளினிக்கில் கொடுத்த இரும்பு மாத்திரையை ஒருநாளும் தவறவிட்டதில்லை. எல்லா நாளும் அதைப் பால் சேர்க்காத வெறுந்தேத்தண்ணியோடுதான் விழுங்கினாள். தண்ணீரில் விழுங்கினால் குமட்டும் என்பாள். வேலைக்குப் புறப்படுமுன் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தவர் அப்பா.

பிரசவத்தில் அம்மாவுக்கு இரத்தம் நிற்கவில்லை. பதுளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன தேயிலைத் தோட்டத்து லொறி ஹாலிஎலயைத் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. பிள்ளையும் தங்கவில்லை. முன்பே உடம்பில் இரத்தம் குறைவு என்று பிறகு பேசிக்கொண்டார்கள். எனக்கு அப்போது பத்து வயது; நானும் அந்த லொறியில் இருந்தேன்.

விரிவுரையில் கேட்டதை நான் வீட்டில் சொல்லவில்லை. சொல்லாததற்கு என்னிடம் காரணங்கள் வரிசையாக இருந்தன. அம்மா திரும்பி வரப்போவதில்லை. தேத்தண்ணிதான் காரணம் என்று எந்த ஆய்வுகூடத்தாலும் இனி நிரூபிக்க முடியாது. அப்பா கொழுந்தை அரைத்துக் காயவைக்கும் தேயிலை ஸ்டோரில் வேலை செய்கிறவர். காலையில் எழுந்ததும் அவர் மூக்கில் ஏறுவதே அந்த வாசனைதான். எல்லாம் நியாயமான காரணங்கள். ஆனாலும் லீவுக்கு வரும்போதெல்லாம் அவர் எனக்குத் தேத்தண்ணி நீட்டினால் நான் டம்ளரைப் பார்ப்பதில்லை, அவர் விரல்களைப் பார்ப்பேன்.

பட்டம் முடித்து, படித்த அந்தப் பதுளைப் பல்கலைக்கழகத்திலேயே ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது இரும்பைத்தான் எடுத்தேன். இறால் ஓட்டிலிருந்து பிரித்தெடுக்கும் கைட்டோசான் என்ற இயற்கைப் பொருளால் மிக நுண்ணிய துகள்கள் செய்து, அவற்றுக்குள் இரும்பை அடைத்து, கோதுமை மாவில் கலப்பது என் வேலை. ஒரு தலைமயிரின் குறுக்காகச் சில நூறு துகள்களை வரிசையாக நிறுத்தலாம்; அவ்வளவு சிறியவை. இரும்பைச் சுற்றிய அந்தக் கைட்டோசான் ஓடு சாதாரண மாவில் கரையாது, ரொட்டிக் கல்லின் சூட்டையும் தாங்கும். புளிப்பு பட்டால் மட்டும் கரையும். வயிற்றில் புளிப்பு இருக்கிறது. அங்கே போய்த் திறக்க வேண்டும், அதற்கு முன் திறக்கக்கூடாது.

என்னை மேற்பார்வை செய்த விரிவுரையாளர் யாழ்ப்பாணத்துக்காரர். என் முன்மொழிவைப் படித்துவிட்டு, “ஏன் பிள்ளை இந்த இரும்பைக் கட்டிப்பிடிக்கிறீர்? ஒரு விற்றமினை எடுத்தா கெதியா முடிச்சிடலாமே” என்றார்.

“ரொட்டியைத் தேத்தண்ணியில் தொட்டுச் சாப்பிடுகிறவர்களுக்குச் செய்கிறேன் சேர்” என்றேன். அவர் முன்மொழிவில் கையெழுத்துப் போட்டார்.

சோதனைப் பட்டியல் ஒன்று வைத்திருந்தேன். சூடு, உப்பு, தேங்காய்ப்பூ, ஈரக் காற்று, நாள்பட்ட சேமிப்பு, கடைசியாகத் தேத்தண்ணி. எங்கள் மாவில் சுட்ட ரொட்டியைத் தேத்தண்ணியில் ஊறவிட்டுப் பார்த்தேன். கறுக்கவில்லை. அன்று ஆய்வுகூடத்தைப் பூட்டிவிட்டு இறங்கி வரும்போது அம்மா செத்தபிறகு முதல் தடவையாக அவளிடம் ஏதோ சொல்லிவிட்டதுபோல இருந்தது.

ருசி பார்க்கும் கட்டத்துக்கு அனுமதி கிடைத்ததும், சம்மதம் கேட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, தெமோதரைக்கு மேலே தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லயத்திலும் சிலருக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தேன். வளர்ந்தவர்களுக்கு மட்டும். கர்ப்பிணிகள் கூடாது என்பது விதி.

பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் சித்தி ரொட்டியைப் பிய்த்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “படிச்ச புள்ள ஆணிய அரச்சு மாவுல கலந்துட்டு வந்திருக்கு. வயித்துக்குள்ள துரு புடிக்காதா பாப்பா?”

“புடிக்காது சித்தி. சாப்பிட்டுப் பாத்து எப்படி இருக்குன்னு சொல்லுங்க.”

மென்றார். “ரொட்டி ரொட்டியாத்தான் இருக்கு. தண்டவாளத்த நக்குன மாதிரி இருக்கும்னு நெனச்சேன்.”

என் அக்கா எங்கள் வாசற்படியில் இருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழாம் மாதம். புருஷன் கொழும்பில் கடையில் நிற்கிறார்; அவள் பேறுகாலத்துக்கு வந்திருந்தாள். கிளினிக்கில் இரத்தம் குறைவு என்று எழுதி, இரும்பு மாத்திரையை விடவே கூடாது என்று சொல்லியிருந்தார்கள். மாத்திரை போட்டால் அவளுக்கு வாந்தி. பாதி நாள் வெளியே வந்துவிடும்.

“எனக்கும் ஒரு ரொட்டி குடேன்” என்றாள்.

“முடியாதுக்கா. புள்ளத்தாச்சிக்குக் குடுக்கலாமான்னு இன்னும் யாரும் பாக்கல.”

“அப்ப யாருக்குத்தான்டீ செஞ்ச?”

மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கு, தேத்தண்ணியைப் பிறகு குடி என்று மட்டும் எப்போதும்போலச் சொன்னேன். ஏன் என்று அவள் கேட்டதில்லை. கிளினிக் விதி என்று நினைத்திருந்தாள்.

அந்த வார இறுதியில் அம்மாவின் நினைவுநாள், அவளுக்குப் படைக்கிற நாள். உளுந்தோடு கோதுமை மாவு கலந்து, முதல் நாளே கரைத்துப் புளிக்கவைத்துச் சுடும் தோசை அம்மாவுக்குப் பிடிக்கும். அதன்மேல் வெறுந்தேத்தண்ணியைக் கொஞ்சம் ஊற்றி, ஊறியதும் பிய்த்துச் சாப்பிடுவாள். படைப்பதும் அப்படித்தான். அம்மா போனதிலிருந்து அந்த ஒருநாள் சமையலை அப்பா யாரிடமும் விட்டதில்லை.

மாலையில் மலையிலிருந்து பனி இறங்கி லயத்து வாசல்வரை வந்துவிட்டது. அம்மாவின் படத்துக்கு முன்னால் இலை போட்டு, தோசை வைத்து, அப்பா தேத்தண்ணியை ஊற்றினார். சூடமும் சாம்பிராணியும் காட்டினோம். பிறகு வழக்கப்படி கதவைச் சாத்திவிட்டு மூவரும் வெளியே நின்றோம். அந்த நேரத்தில் உள்ளே இருப்பவள் சாப்பிடுகிறாள். சின்ன வயதில் கதவில் காதை வைத்துக் கேட்பேன். அன்றும் என் தலை தானாகக் கதவுப் பக்கம் சாய்ந்தது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

அப்பா செருமிவிட்டுக் கதவைத் திறந்தார்.

தோசை கறுத்திருந்தது. ஓரத்தில் இல்லை, கருகலும் இல்லை. தேத்தண்ணி பட்ட இடமெல்லாம், நடுவிலிருந்து பரவி, கருநீலமாக. இலையில் தேங்கியிருந்தது மையேதான். சாம்பிராணிப் புகை இன்னும் அடங்காமல் அம்மாவின் முகத்துக்குக் குறுக்கே போய்க்கொண்டிருந்தது. சில கணங்கள் எனக்கு வேதியியல் எதுவும் நினைவில் இல்லை. அம்மா வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். கோபமாக வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். “என்னப்பா போட்டீங்க அதுல?”

அப்பா இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். “சின்னவ கொண்டாந்த மாவு கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. இரும்பு பத்தாமத்தானே போனா. உங்கம்மாவுக்கும் கொஞ்சம் சேரட்டும்னு கலந்தேன்.”

எரிந்து முடிந்த சூடத் தட்டை எடுத்து ஓரமாக வைத்தார்.

“வேணாம்னுட்டா” என்றார் அப்பா.

புளித்த மாவு என் பட்டியலில் இல்லை. ரொட்டிக்காகச் செய்த துகள். தோசையைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. இரவெல்லாம் புளித்த பானையில் ஓடுகள் ஒவ்வொன்றாகக் கரைந்து, வயிற்றில் திறக்க வேண்டியவை அங்கேயே திறந்துவிட்டன. அதன்மேல் தேத்தண்ணி. எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் விளக்கினால் எங்கே போய் முடியும் என்பதும் விளங்கியது. விளக்காமல் இலையை மூடி மூலையில் வைத்தேன்.

மறுநாள் காலையில் அக்கா மாத்திரை போடவில்லை. பொட்டலத்தை என் பக்கமாகத் தள்ளினாள்.

“அம்மாவுக்கு ஆகாதது எனக்கும் வேணாம்.”

“அக்கா, இது மாத்திரை. நேத்து வச்சது வேற.”

“ரெண்டும் இரும்புதானே? மாத்திரை போட்டா எனக்கும் வெளிக்குக் கருப்பாத்தான் போகுது. உள்ளுக்குள்ள என்ன ஆகுதுன்னு அம்மா காட்டிட்டா.” குரலை உயர்த்தாமல் சொன்னாள். கை வயிற்றின்மேல் இருந்தது. “எம்புள்ளைக்கு அது வேணாம்.”

அவளை எனக்குத் தெரியும். அழுதிருந்தால் சமாதானப்படுத்தியிருப்பேன். இப்படி நிதானமாகச் சொன்னால் மாற மாட்டாள். கிளினிக்கில் எழுதிக் கொடுத்திருந்த இரத்த அளவு எனக்கு மனப்பாடம். இன்னும் இறங்கினால் பிரசவத்தில் என்ன ஆகும் என்பதைப் புத்தகத்திலும் படித்திருக்கிறேன், லொறியிலும் பார்த்திருக்கிறேன்.

அப்பாவுக்கு அன்று வேலையில்லை. அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் வெளியே போகட்டும், அக்காவிடம் தனியாகச் சொல்லலாம் என்று காத்திருந்தேன். அவர் போகவில்லை. தனியாகச் சொன்னாலும் அக்கா ஒருநாள் அவரிடம் கேட்பாள் என்பது அப்போதுதான் உறைத்தது. கண்ணாடிக் கிளாஸ் ஒன்றை எடுத்து, “இதுல ஊத்துங்கப்பா” என்றேன்.

அக்காவின் மாத்திரை ஒன்றைக் கரண்டியால் நசுக்கிப் போட்டுக் கலக்கினேன். சிவப்பாக இருந்த தேத்தண்ணி சாம்பலாகி, பிறகு கறுத்தது. நேற்று இலையில் கிடந்த அதே நிறம்.

“இது அம்மா செஞ்சதில்லக்கா. இரும்பும் தேத்தண்ணியும் எங்க சேந்தாலும் இப்படித்தான். நான் செஞ்ச ஓடு புளிச்ச மாவுல கரைஞ்சிருச்சு, அதான் வெளிய தெரிஞ்சது. கறுத்தா விஷமில்ல. ஆனா இரும்பு ஒடம்புல சரியா ஒட்டாது, நிறைய வீணாப் போயிரும். அதான் மாத்திரைய தண்ணியோட போடச் சொன்னேன்.”

அக்கா கிளாஸை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். “அப்ப அம்மா...” என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். இருவரும் அப்பாவைப் பார்க்காமல் இருக்க முயன்றோம்.

“நாந்தானே கொண்டாந்து குடுப்பேன்” என்றார் அப்பா.

என்னிடம் இருந்தவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னேன். எல்லா இரும்பும் வீணாவதில்லை. இரத்தம் நிற்காமல் போவதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. பாதை மோசம். பிள்ளை கிடந்த விதம் தெரியாது. இதுதான் என்று யாராலும் சொல்ல முடியாது. எல்லாம் உண்மை. ஸ்டோரில் தோட்டத்து மேலதிகாரி துரை பேசுவதைக் கேட்பதுபோல அப்பா நின்று கேட்டார்.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“கேம்பஸ்ல. ரெண்டாம் வருஷம்.”

“ம், சொல்லாம வச்சிருந்தியா” என்றார். கோபம் இல்லை. என் தலைமேல் கை வைக்கப்போனதுபோல இருந்தது, வைக்கவில்லை.

முந்தின நாள் படைத்ததை யாரும் தொடவில்லை. இலையோடு மூடி மூலையில் வைத்திருந்தது. அப்பா அதை எடுத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார்.

“விஷமில்லேன்னியே?”

“இல்லப்பா. ஆனா பழசு, வேணாம்.”

“அவளுக்கு வச்சது. யாராச்சும் திங்கணும்ல.”

கறுத்த பக்கத்திலிருந்து தொடங்கினார். அவசரம் இல்லாமல், ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். முடித்தபோது உதடும் பல்லும் கறுத்திருந்தன. இலையை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்து பீலிக்கரைக்குப் போனார். தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

அக்கா என்னிடம் கையை நீட்டினாள். தண்ணீரும் ஒரு மாத்திரையும் கொடுத்தேன். விழுங்கிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு கண்ணை மூடினாள். தோள் இரண்டு தடவை குலுங்கியது. மாத்திரை வெளியே வரவில்லை.

நான் பதுளைக்குத் திரும்பிவிட்டேன். புளித்த மாவைப் பட்டியலில் சேர்த்து, ஓட்டின்மேல் இன்னொரு ஓடு போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பானையின் புளிப்பைத் தாங்க வேண்டும், வயிற்றின் புளிப்பில் திறக்க வேண்டும். இரண்டுக்கும் இடைவெளி மிகக் குறைவு. அக்காவின் பிள்ளை பிறப்பதற்குள் முடியாது.

அக்கா நேற்றுப் போனில் பேசினாள். கிளினிக்கில் இரத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது என்றார்களாம். மாத்திரை தினமும் வாந்தியில் போகாமல் வயிற்றில் தங்குகிறதாம். காலையில் அப்பாதான் சுடுதண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறாராம்.

“ரெண்டு டம்ளர்ல கொண்டாறாரு” என்றாள். “ஒன்ன எங்கிட்ட குடுத்துட்டு, இன்னொன்ன அம்மா படத்துக்கு முன்னால வைக்கிறாரு. வெறும் தண்ணி.”

“நீ ஏதும் கேட்டியா?”

“கேக்கல. நீயும் கேக்காத. ஆறுறதுக்குள்ள எடுத்துட்டுப் போயிருவாரு. எங்க ஊத்துறாருன்னு தெரியல. திரும்பி வர்றப்ப டம்ளரு மட்டும் காலியா இருக்கு.”