மாலை வாங்கிவரும் ஆள்

எங்கள் அப்பா சண்முகசுந்தரம் ரிட்டயர் ஆன அன்று அவர் கழுத்தில் விழுந்த மாலையை வாங்கி வந்தவர் பழனிவேல் அண்ணன். அப்பாவுக்கு மட்டும் இல்லை. சுரங்கத்தில் அப்பாவின் செக்ஷனில் எந்த பர்மனென்ட் ஆள் ரிட்டயர் ஆனாலும், மாதக் கடைசி நாள் காலையில் யாராவது ஒருவர் சொல்வார்: "பழனிவேல், போயி மாலையை வாங்கிட்டு வந்துரு." அவர் கையிலிருக்கிற மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு சைக்கிளை எடுப்பார். பிற்காலத்தில் டிவிஎஸ் ஃபிஃப்டி. சுரங்க நகரியத்தின் கடைத்தெருவில் சம்பங்கியும் ரோஜாவும் வைத்துக் கட்டிய மாலையை ஈரத்துணியில் சுற்றி, ஒரு இதழ் நசுங்காமல் கொண்டு வருவார். அப்புறம் மைக், பேச்சு, சால்வை, மாலை, ஜீப், குவார்ட்டர்ஸ் வாசலில் சரவெடி.

அப்பாவின் ஆல்பத்தில் அந்த நாளின் படங்கள் நிறைய இருக்கின்றன. பழனிவேல் அண்ணன் ஒன்றிலும் இல்லை. படம் எடுக்கிற நேரத்துக்கு அவரை டீ வாங்க அனுப்பியிருந்தார்கள். அனுப்பியது என் அப்பா. இதை எழுதும்போது எனக்கு அப்பா மேல் வருகிற கோபத்தை அவர் உயிரோடு இருந்தபோது காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை.

பழனிவேல் கான்ட்ராக்ட் ஆள். கம்மாபுரம் பக்கம் ஏரிக்கரையில் இருக்கிற ஒரு சின்ன ஊர் அவருடையது. ஒரே கடைத்தெரு, ஒரு சினிமா நோட்டீஸ்கூட ஒட்டாத அமைதியான ஊர். சுரங்கத்திலிருந்து இறைக்கிற தண்ணீர் வந்து சேர்வதால் அந்த ஏரி கோடையிலும் வற்றாது. அவருடைய அப்பாவும் தாத்தாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். இவர் இருபத்தேழு வயதில் சுரங்கத்துக்குள் போனார். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் கொட்டிக் கிடக்கும் கரியை அள்ளி மறுபடி பெல்ட்டில் போடுகிற வேலை. பெல்ட் நிற்காது, கரி கொட்டுவதும் நிற்காது. இரண்டு வருஷத்தில் பர்மனென்ட் ஆகிவிடும் என்று சொல்லித்தான் பெண் கொடுத்தார்கள். கான்ட்ராக்டர்கள் வந்தார்கள், போனார்கள். ஆள் அதே ஆள், மண்வெட்டியும் கிட்டத்தட்ட அதே மண்வெட்டி. முப்பத்து மூன்று வருஷம்.

அப்பா போன பிறகும் பொங்கலுக்குப் பொங்கல் எனக்கு போன் செய்கிறவர் அவர் ஒருவர்தான். நான் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறேன். சென்ற மே மாதம் வேறெதற்கோ நானே கூப்பிட்டபோது, போகிற போக்கில் சொன்னார்.

"இந்த மாசக் கடைசியோட நின்னுக்கறேன் பாப்பா. அறுபது ஆயிடுச்சு. கேட் பாஸ வாங்கிக்குவாங்க."

"அண்ணே! அப்போ செக்ஷன்ல உங்களுக்கு..."

"கான்ட்ராக்ட்டுக்கு எவன் பாப்பா மைக் கட்டுவான்? மாலை கீலையெல்லாம் வேணாம். ரெண்டு மணிக்கு ஷிப்ட்டு முடிஞ்சி எல்லாரும் கை கழுவிகினு நிப்பாங்க பாரு, அப்ப லட்டு வாங்கிகினு போயி ஒவ்வொருத்தர் கையிலயும் குடுத்து, போயிட்டு வரேன்னு சொல்லிகினு வெளிய வரணும். அவ்ளோதான் எனக்கு."

அவ்வளவுதான் கேட்டார். வேணாம் என்பதையும் வாயைத் திறந்து சொன்னார். எனக்கு அது கேட்கவில்லை. இரண்டு பாஷை படித்து என்ன? அன்று முழுக்க என் தலைக்குள் ஓடியது ஒன்றே ஒன்று: அவருக்கு ஒரு மாலை அனுப்ப வேண்டும்.

பூ அனுப்பும் வெப்சைட்டுகளில் அவருடைய ஊர் பின்கோடைப் போட்டேன். இந்தப் பகுதிக்கு டெலிவரி இல்லை. அடுத்ததில் போட்டேன். அதில் ஊரே இல்லை. ஒரு கம்பெனி மட்டும் செலோஃபேன் சுற்றிய பொக்கேயும் கரடிபொம்மையும் அனுப்பத் தயாராக இருந்தது, கடலூர் வரைக்கும். கடைசியில் நகரியக் கடைத்தெருவில் மாலை கட்டுகிற தனம் அக்காவின் நம்பரைப் பிடித்தேன்.

"முப்பத்தி ஒண்ணாம் தேதி, மூன்றரை மணிக்கு, அவர் வீட்டுல. அவர் வந்த பிறகுதான் குடுக்கணும்" என்றேன்.

"குடுத்துடலாங்க. நம்ம பழனிவேலுதானே! என்கிட்ட எவ்ளோ மாலை எடுத்துகினு போயிருப்பாரு."

அங்கேயே விட்டிருக்கலாம். நான் விடவில்லை. வெயிலில் வாடிவிடுமா என்று ஒரு போன். ரோஜா அதிகம் வைத்தால் இதழ் உதிருமா என்று ஒரு போன். முந்தின நாள் அங்கே நாற்பது டிகிரி என்று பார்த்துவிட்டு, மூன்றரை மணி வரைக்கும் தாங்குமா என்று ஒரு போன். மூன்றாவது போனில் தனம் அக்கா, "நீங்க கவலைப்படாதீங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். பார்த்துக்கொண்டது எப்படி என்றால், வெயில் ஏறும் முன்னாலேயே போகட்டும் என்று தன் மருமகன் இளம்பரிதியை காலை ஒன்பதரைக்கே மாலையோடு அனுப்பிவிட்டார்.

இனி நடந்தது எனக்குப் பிறகு தெரிந்தது. பழனிவேலின் மகள் இசைப்பிரியா சொன்னாள்.

இரண்டு வருஷம் முன்பு அதே தெருவில் சடையப்பன் என்றொரு கான்ட்ராக்ட் ஆள் ஷிப்ட்டில் இருக்கும்போது நெஞ்சு வலித்து விழுந்தார். அன்று ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வரும் முன்னால், நகரியத்திலிருந்து மாலைதான் முதலில் வந்தது. ஆள் வேலைக்குப் போயிருக்கும்போது வீட்டுக்கு மாலை வந்தால் என்ன அர்த்தம் என்று அந்தத் தெருவுக்குத் தெரியும்.

இளம்பரிதி வண்டியை நிறுத்தி, தோளில் மாலையோடு இறங்கினார். பழனிவேலின் மனைவி விருத்தாம்பாள் வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார்.

"பழனிவேல் வூடு இதானுங்களா?"

"ஆமா. என்னா மாலை இது?"

"அவருக்குத்தாங்க."

விருத்தாம்பாள் கையிலிருந்த துணி மண்ணில் விழுந்தது. "கடைசி நாளும் அதுவுமா என்னிய இப்பிடிப் பண்ணிட்டியே!" என்று அவர் போட்ட சத்தத்துக்கு எதிர்வூடு, பக்கத்துவூடு எல்லாம் ஓடி வந்தன.

"ஐயோ யம்மா, அவரு உசுரோடதான் இருக்காருங்க!"

"நீ பாத்தியாடா?"

"பாக்கலைங்க..."

பார்க்கவில்லை என்று அவர் சொன்னதோடு முடிந்தது. யாரோ மாலையைப் பிடுங்கி வாசற்படியில் சாய்த்து வைத்தார்கள். யாரோ காடாம்புலியூரில் இருக்கிற பழனிவேலின் தங்கைக்குச் சொன்னார்கள், அவர் அங்கிருந்தே அழுதுகொண்டு பஸ் ஏறினார். நகரியத்தில் ஜெராக்ஸ் கடையில் வேலை செய்யும் இசைப்பிரியாவுக்கும் சேதி போய், அவளும் ஓடி வந்தாள். பழனிவேலின் போன் லாக்கரில் இருந்தது. ஒரு மணி நேரம் சுற்றி, சேதி செக்ஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது இப்படி ஆகியிருந்தது: பழனிவேல் வீட்டில் துக்கம், உடனே அனுப்பவும்.

யார் என்று சொல்லவில்லை. செத்தது தன் பொண்டாட்டி என்று பழனிவேல் நினைத்தார். லட்டுப் பெட்டியோடு டிபன் பையை எடுத்துக்கொண்டு ஓடினார். கேட்டில் செக்யூரிட்டி, "இன்னிக்கோட முடியுதுல்ல, திரும்பி வர மாட்டீங்கல்ல?" என்று கேட்டு பாஸை வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் செத்துப்போனது அவரேதான்.

ஸ்டுட்கார்ட்டில் நான் காலைக் காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். போனில் அவர் பெயர் வந்ததும், சீக்கிரமே மாலை போய்விட்டது போல, சந்தோஷத்தில் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

"யாரு பாப்பா உன்னிய மாலை அனுப்பச் சொன்னது?"

"அண்ணே, நான் மூன்றரை மணிக்குத்தான்..."

"எத்தினி மணியா இருந்தா என்னா? மாலைன்னா போடறதுக்கு ஒரு ஆளு வேணும். சுத்தி நாலு பேரு நிக்கணும். ஆளில்லாம வூடு தேடி வர்ற மாலை பொணத்துக்குத்தான். உங்கப்பாவுக்கு நான்தானே வாங்கியாந்தேன்? உங்க குவார்ட்டர்ஸ் வாசல்ல வச்சிட்டு மணி அடிச்சிட்டா போனேன்?"

"மன்னிச்சிடுங்கண்ணே. நீங்க இவ்வளவு செஞ்சும் உங்களுக்கு யாரும்..."

"நான் கேட்டனா? வேணான்னு சொன்னனா இல்லியா? ரெண்டு மணிக்கு நின்னு போயிட்டு வரேன்னு சொல்லணும்னு இருந்தேன். அதுக்குக்கூட இல்லாம நட்ட நடு ஷிப்ட்டுல ஓடியாற வச்சிட்டியே. முப்பத்தி மூணு வருசத்துல ஒருநாளு நான் பாதி ஷிப்ட்டுல வந்ததில்ல, தெரியுமா உனக்கு?"

"சாரி அண்ணே."

"அத நீயே வச்சிக்க."

வைத்துவிட்டார். எனக்கும் கோபம் வந்தது. முதலில் தனம் அக்கா மேல். மூன்று தடவை போன் செய்து அந்த அம்மாவைப் படுத்தியது நான்தான் என்று உறைக்க, காப்பி ஆறுகிற நேரம் பிடித்தது. பிறகு அந்த செக்ஷன் மேல். அங்கே யாருக்காவது முன்னமே தோன்றியிருந்தால் நான் எதற்கு வெப்சைட் வெப்சைட்டாக அலைந்திருக்கப் போகிறேன்?

அங்கே ஏரிக்கரை வீட்டில் அழுகை ஏச்சாக மாறியிருந்தது. தங்கை வந்து இறங்கி, அண்ணன் உட்கார்ந்து மோர் குடிப்பதைப் பார்த்து, அவர் முதுகிலேயே இரண்டு வைத்தாராம். விருத்தாம்பாள் மாலையைத் தூக்கினார்.

"சனியன், இத எடுத்துகினு போயி ஏரியில போட்டுட்டு வரேன்."

"குடு அத" என்றார் பழனிவேல்.

"என்னாத்துக்கு?"

"செத்தவனுக்குன்னு வச்சிகினு அழுதீங்க இல்ல? உசுரோட இருக்கறவன் போட்டுக்கறேன்."

போட்டுக்கொண்டார். கரி படிந்த அதே சட்டை, அதன்மேல் மார்பு மறைக்கிற ரோஜா மாலை. லட்டுப் பெட்டியை இசைப்பிரியா கையில் கொடுத்து வண்டியில் பின்னால் உட்காரச் சொன்னார். "தெருவே பாக்குதுப்பா" என்றாளாம். "பாக்கட்டும். ரெண்டு மணிக்குள்ள போவணும், புடிச்சிக்க."

கேட்டில் செக்யூரிட்டி மறித்தார். "பாஸ் இல்லாம உள்ள விட முடியாது பழனிவேல்."

"உள்ள எவன் வரான்? ரோடு உங்க கான்ட்ராக்டரோடதா?"

வண்டியை ஓரம் போட்டு நின்றார். இரண்டு மணிக்கு ஷிப்ட் விட்டது. சைக்கிளும் பைக்கும் பஸ்ஸுமாக ஆட்கள் வெளியே வந்தார்கள். முதலில் பார்த்தது அவரோடு கரி அள்ளுகிற தங்கராசு. பிரேக் போட்டதில் விழப் போனார்.

"யோவ்! உங்க வூட்ல சாவுன்னாங்களே, யாருய்யா?"

"நான்தான். லட்டு எடுத்துக்க."

"என்னய்யா கோலம் இது?"

"ரிட்டயர்டு. போயிட்டு வரேன் தங்கராசு."

கான்ட்ராக்ட் ஆட்கள் நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் லட்டு வைத்து, பெயர் சொல்லி, போயிட்டு வரேன் என்றார். சிரித்தபடி சொல்லவில்லை, வாக்குமூலம் கொடுக்கிற மாதிரி சொன்னார் என்கிறாள் இசைப்பிரியா. பர்மனென்ட் ஆட்களில் சிலர் நின்றார்கள். பலர் திருப்பத்தில் வேகத்தைக் கூட்டினார்கள். போகிறவர்களைப் பார்த்து அவர் உரக்கச் சொன்னார்: "மேஸ்திரி, போயிட்டு வரேன்! ஆப்பரேட்டர் சார், போயிட்டு வரேன்!" திரும்பிப் பார்க்காதவர்களுக்கும் சொன்னார்.

கடைசியில் செக்ஷன் இன்ஜினீயர் பாலகுமார் காரை நிறுத்தி இறங்கினார். சின்ன வயசு, இசைப்பிரியாவைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். உண்மையாகவே சங்கடப்பட்டார் என்றுதான் இசைப்பிரியா சொல்கிறாள்.

"என்ன பழனிவேல் இது? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்களே மாலை வாங்கியிருப்போமே."

"யார அனுப்பியிருப்பீங்க சார்?"

பழனிவேல் ஒரு லட்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, "போயிட்டு வரேன் சார்" என்றார். பிறகு வண்டியை உதைத்தார். மெயின் ரோடு முழுக்க, பஸ் ஸ்டாண்டைச் சுற்றி, கடைத்தெரு வழியாக மாலையைக் கழற்றாமலே போனார். ரோஜா இதழ் பறந்து வந்து முகத்தில் ஒட்டிக்கொண்டே இருந்தது என்று பின்னால் உட்கார்ந்திருந்தவள் எரிச்சலாகச் சொன்னாள்.

ஒரு வாரம் கழித்து போன் செய்தேன். விருத்தாம்பாள் எடுத்தார்.

"அண்ணன் இருக்காருங்களா?"

"குளிக்கிறாருங்க பாப்பா."

உள்ளேயிருந்து அண்ணன் குரல் வந்தது. "பொய் சொல்லாத! உக்காந்துகினுதான் இருக்காரு, பேச மாட்டாராம்னு சொல்லு!"

"கேட்டுச்சுங்களா?" என்றார் விருத்தாம்பாள்.

கேட்டது என்றேன்.