வெள்ளிக்கிழமை மட்டும் சொன்னதைக் கேட்ட மெஷின்

உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகும் சாலையில், ஏரியை ஒட்டி எங்கள் பட்டறை இருக்கிறது. கேட்டு, கிரில், டிராக்டர் டிப்பருக்கு வேண்டிய பிளேட்டு எல்லாம் செய்கிறோம். வெல்டிங் என் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். கம்ப்யூட்டரில் படம் வரைந்து மெஷினுக்கு அனுப்புவதும் அதை ஓட்டுவதும் என் வேலை. நாங்கள் புதிதாக வாங்கியது இரும்பை மின்சார நெருப்பால் அறுக்கிற பிளாஸ்மா மெஷின். மேஜைமேல் பிளேட்டைக் கிடத்திவிட்டு நான் பட்டனை அழுத்தினால், மேலே தொங்கும் டார்ச் தானாக இறங்கிவரும். பிளேட்டை மூக்கால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் எழும்பி, நீல நெருப்பைக் கக்கிக்கொண்டு நான் வரைந்த கோட்டின்மேல் போகும். போக வேண்டும்.

எங்களுடையது போகவில்லை. நெருப்பு பிடித்த மறுகணமே பாதி வட்டத்தில் நின்றுவிடும். பிறகு யாரும் சொல்லாமலே மெல்ல மேலே ஏறி, அங்கேயே நின்று, யாரோ பேசுவதைக் கேட்பதுபோல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருக்கும். சில சமயம் பிளேட்டே இல்லாத இடத்தில் வெறும் காற்றுக்குள் இறங்கி, எதையோ தொட்டுவிட்டதாகத் திரையில் காட்டும். எல்லாம் பட்டப்பகலில், வாசலில் பஸ் போய்க்கொண்டிருக்கும்போது நடக்கும். அப்படியும் எனக்கு முதுகு சில்லிட்டுப் போகும்.

நான் சுலபத்தில் பயப்படுகிற ஜாதி இல்லை. டிப்ளமா படித்தவள், வாயும் கொஞ்சம் நீளம். டார்ச்சின் நுனியில் இருக்கிற நாசிலை மாற்றினேன். அதற்குள் இருக்கிற எலக்ட்ரோடை மாற்றினேன். கம்ப்ரசரில் தேங்கிய தண்ணீரை வடித்தேன். ஒயர்களை ஒன்றோடொன்று உரசாமல் பிரித்துக் கட்டினேன். மெஷின் விற்றவர்களுக்குப் போன் போட்டால், “எர்த்து பாருங்க மேடம், எர்த்து சரியில்லன்னா கண்ட்ரோலர் குழம்பிடும்” என்றார்கள். பார்த்தேன். பச்சை ஒயர் மெஷினில் இறுக்கமாகத்தான் மாட்டியிருந்தது. அது சுவரின் ஓட்டை வழியாகப் பின்பக்கம் போனது. எலக்ட்ரீசியன் பள்ளம் தோண்டிப் புதைத்திருப்பார் என்று விட்டுவிட்டேன். பின்பக்கம் முழுக்கப் புதர், பாம்பு நடமாட்டம் வேறு.

இதில் இன்னொரு கூத்து, வெள்ளிக்கிழமை மட்டும் மெஷின் பசுவாகிவிடும். வட்டம் போட்டால் வட்டம் விழும். வீட்டுக்காரர் டார்ச் தண்டில் எலுமிச்சம்பழம் கட்டத் தொடங்கினார்.

“நீ கற்பூரம் காட்டற அன்னிக்கு மட்டும் எப்டி அடங்கிக் கீது பாத்தியாமே? இது மிசினுல கீற கோளாறு இல்ல” என்றார்.

“அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மெஷினுக்குக் கெழம தெரியுமா?” என்று நானும் விடவில்லை. ஆனால் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். வெள்ளிக்கிழமை காலையிலும் அது முரண்டு பிடித்தது. உச்சிவெயில் தாண்டிய பிறகுதான் அடங்கியது. அந்த நேரத்தில் பட்டறைக்குப் பின்னால் யாரோ தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கும்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவரை மெஷினிடம் நிறுத்திவிட்டுப் பின்பக்கம் போனேன். அங்கே புங்கமரத்தடியில் கன்னியம்மா இருக்கிறாள். சில கற்கள், ஆள் உயர இரும்புச் சூலம், அவ்வளவுதான் கோயில். ஏரிக்கரையோரக் குடிசைகளில் இருப்பவர்களின் சாமி. அங்கிருந்து நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண் ஒருத்தி, குடத்துத் தண்ணீரைச் சூலத்தின் அடியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் கதை ஊருக்கே தெரியும். புருஷன் போர்வெல் போடும் வண்டியோடு வடக்கே வேலைக்குப் போனவன். வண்டி திரும்பியது, அவன் திரும்பவில்லை. நடுவில் எங்கோ இறங்கிப் போனான் என்றார்கள். போனும் அடங்கிப்போனது. காரியத்தைப் பண்ணித் தாலியைக் கழற்றிவிடு என்று அவன் அண்ணன் வீட்டில் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். இவள் மாட்டேன் என்று நின்றாள்.

உள்ளே டார்ச் இரையும் சத்தம் கேட்டது. அவள் ஈரமண்ணில் வெறுங்காலோடு நின்று சூலத்தை இரண்டு கையாலும் பிடித்தாள்.

“கன்னிம்மா, அது உசுரோட கீதா?”

கேட்டதுதான் தாமதம், அவள் தோள் இரண்டும் வெட்டி உதறின. திரும்பிப் பார்த்தவள் முகமெல்லாம் பல்லாகச் சிரித்தாள்.

“கீதுன்றாக்கா. வாரம் தவறாம சொல்றா. நீயே தொட்டுப் பாரு.”

தொட்டேன். விரல் நுனியிலிருந்து முழங்கை வரைக்கும் எறும்பு ஊர்ந்தது. இரும்புக்குள் ஏதோ உயிரோடு இருந்தது. அந்த இடத்தில் நான் நம்பிவிட்டேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. இத்தனை நாள் டார்ச் தலையைச் சாய்த்துக் கேட்டது இவளுடைய குரலைத்தானோ என்றுகூடத் தோன்றியது.

அப்போது உள்ளே அறுப்புச் சத்தம் நின்றது. கைக்குள் இருந்ததும் நின்றது. அவர் அடுத்த துண்டை வெட்டத் தொடங்கினார், எறும்பு மறுபடி ஏறியது. கையை எடுத்துவிட்டுக் காலால் சருகைத் தள்ளினேன். சூலத்தின் அடியில் போல்ட்டு வைத்து இறுக்கி, எங்கள் பச்சை ஒயர் கட்டியிருந்தது.

இப்போது வேறு பயம் பிடித்தது. மெஷினில் கசிகிற கரண்டு எல்லாம் இங்கேதான் இறங்கிக்கொண்டிருந்தது. காய்ந்த மண் அதை வாங்கவில்லை, மெஷினுக்குப் பைத்தியம் பிடித்தது. இவள் குடம் குடமாக ஊற்றிய பிறகு வாங்கியது, மெஷின் தெளிந்தது. இன்றைக்கு எறும்பு. உள்ளே எங்காவது ஒரு ஒயர் தோல் உரிந்தால் அன்றைக்கு இவள் பிணம்.

எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

“பள்ளம் தோண்டுனேன்க்கா. கொஞ்சத்துலயே பாறை, கடப்பாரை எகிறுது. இந்தச் சூலம் எத்தினி ஆளம் போவுதுன்னு ஊர்ல யாருக்குமே தெரியாது. இத வுட நல்ல எர்த்து எங்க கெடைக்கும்? கும்பிட்டுக்கினுதான் கட்னேன்.”

அவரை வைத்தே ஏரிப்பக்கம் மண் இளகலாக இருந்த இடத்தில் புதுப் பள்ளம் தோண்டி, செப்புக் கம்பி இறக்கி, கரியும் உப்பும் கொட்டி மூடினோம். பச்சை ஒயரைச் சூலத்திலிருந்து நானே அவிழ்த்தேன். அன்றிலிருந்து மெஷின் எல்லாக் கிழமையும் சொன்னதைக் கேட்டது. வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை அவள் வந்து கேட்பாள். சூலம் பேசாது. பேசாவிட்டால் தாலி இறங்கிவிடும்.

அதனால் முன்னாடியே அவள் குடிசைக்குப் போனேன். ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அது சாமி இல்லை, கரண்டு. எங்கள் மெஷினிலிருந்து வந்தது. இனிமேல் வராது. அதை வைத்து அவன் இருக்கிறான், இல்லை என்று எதுவும் நினைத்துக்கொள்ளாதே என்றேன். முறத்தை ஆட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்போ மிசினு ஓடசொல்ல மட்டுந்தான் வந்துச்சா?”

“ஆமாம்மா.”

“ஒயரு உன்னுதுக்கா. அதுல வந்தது யாருன்னு உனுக்கு எப்டி தெரியும்?”

என்னிடம் பதில் இருந்தது, மின்தடை, ஓம் என்று கணக்கெல்லாம் போட்டு விளக்கியிருக்கலாம். அவள் கண்ணைப் பார்த்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை உச்சிவேளையில் அவள் மரத்தடிக்குப் போகவில்லை. ஈரக்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பட்டறை வாசலில் வந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. டார்ச்சையே பார்த்தாள். அவள் உதடு அசைந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. சூலத்திடம் கேட்டதை இப்போது டார்ச்சிடம் கேட்கிறாள், நெருப்பு பிடித்தால் அவன் இருக்கிறான். பட்டனை அழுத்தினேன். டார்ச் இறங்கி, தொட்டு, எழும்பி, நீலமாகப் பிடித்தது. அவள் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாள்.

“இன்னாத்துக்கு வந்துட்டுப் போவுது அது?” என்று வீட்டுக்காரர் கேட்டார். சும்மா வந்தாள் என்றேன்.

பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்தாள். பிளாஸ்மா டார்ச் எப்போதும் முதல் அழுத்தலில் பிடிக்கிற சாமான் இல்லை. எலக்ட்ரோடு தேய்ந்தால் பிடிக்காது, காற்றில் ஈரம் ஏறினால் பிடிக்காது. அதனால் வியாழக்கிழமை சாயங்காலமே நாசிலையும் எலக்ட்ரோடையும் புதிதாக மாட்டிவிடுவேன். நல்லாயிருக்கிற சாமானை ஏன் கழற்றுகிறாய் என்று அவர் கத்துவார். மெஷினைப் பழுதுபார்க்கிறேனா, ஒரு மனுஷனுக்குக் காவல் இருக்கிறேனா என்று எனக்கே குழப்பமாகிவிட்டது.

போன ஐப்பசியில் விடாத மழை. அந்த வெள்ளிக்கிழமை அவள் தனியாக வரவில்லை. அவள் ஓரகத்தி, புருஷனுடைய அண்ணன் பெண்டாட்டியும் கூட வந்திருந்தாள். சாமி உன் மிசினில் பேசுகிறதாமே, நானும் பார்க்கிறேன் என்று வந்தவள். முந்தானையைத் தலைக்குமேல் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் வாசலில் நின்றார்கள். அழுத்தினேன். டார்ச் இறங்கியது, தொட்டது, எழும்பியது. காற்று மட்டும் சீறியது. நெருப்பு வரவில்லை.

ஓரகத்தி தரையைப் பார்த்தாள். புருஷனுக்காகக் கேட்க வந்தவளின் கை தாலிக்கயிற்றைத் தேடிப் போனது. மழைக்காலம், காற்றில் ஈரம், வேறொன்றும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். யார் காதில் ஏறும்? கம்ப்ரசரிடம் ஓடி, அதன் அடியில் தண்ணீர் வடிக்கிற திருகைத் திறந்தேன். துருத்தண்ணீர் பீய்ச்சியடித்தது. மூடிவிட்டு வந்து மறுபடி பட்டன்மேல் விரலை வைத்தேன். ஈரம் போயிற்றா, எலக்ட்ரோடு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்றுதான் நான் நினைத்திருக்க வேண்டும். அது எதுவும் நினைவுக்கு வரவில்லை. அது உசுரோட கீதா என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டே அழுத்தினேன். மெஷினைக் கேட்டேனா, மரத்தடியில் இருப்பவளைக் கேட்டேனா, இன்றுவரைக்கும் தெரியாது.

டார்ச் இறங்கியது. தொட்டது. எழும்பி நின்றது. நீலம் பிடித்தது.

அவர்கள் வாய் திறப்பதற்குள், “கீது” என்று சத்தமாகச் சொன்னது நான்தான்.