கையறுநிலைக்கு நான் சொன்ன விளக்கம்

மாணவர்களுக்காக நான் எழுதிய இலக்கணக் கையேடு திருவண்ணாமலை தேரடித் தெருவில் ஓர் அச்சகத்தில் அச்சானது. எழுத்துக் கோத்த கம்பாசிட்டர் ஒல்லியான மனிதர். கோக்கும் சொல்லையெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்ப்பார்.

ஒருநாள், "கையறுநிலைன்னா இன்னா சார்?" என்று கேட்டார்.

"செத்துப்போன ராஜாவையோ வள்ளலையோ நெனச்சுப் புலவர் அழுது பாடறது."

"கொழந்தைக்குப் பாட மாட்டாங்களா?"

"அதுக்கெல்லாம் இலக்கணம் இல்லீங்க," என்றேன், ப்ரூஃபிலிருந்து தலை நிமிராமல்.

அவர் அந்தப் பக்கத்தைப் பிழையில்லாமல் கோத்து முடித்துவிட்டு வீட்டுக்குப் போனார். அதன்பிறகுதான் அச்சக முதலாளி சொன்னார்: "அவரு பொண்ணு போன வாரம் காய்ச்சல்ல போயிடுச்சு சார். அஞ்சு வயசு."

மறுநாள் அவரெதிரே போய் நின்றேன், அடுத்த பக்கத்தின் ப்ரூஃபை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

குழந்தைக்கும் பாடலாம் என்று பிறகு எத்தனையோ வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன். கேட்டவரிடம் மட்டும் சொல்லவில்லை.