ரெஜினா அக்காவின் கையும் மரியான் அண்ணையின் தோட்டாவும்

குறி தவறியவர்கள் சொல்லும் சாக்குகளைக் காதுமூடியையும் மீறிக் கேட்பதுதான் பிஸ்டல் கிளப் ஒன்றில் மேற்பார்வையாளர் பார்க்கிற வேலை. டண்டினொங் பக்கம் சனி, ஞாயிறுகளில் நான் செய்வது அதைத்தான். கடையிலோ கராஜிலோ நின்று "சாமான் சரியில்லை" என்பதையே கேட்டுக் களைத்தவர்கள் தாராளமாக ஒரு கதிரையை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்காரலாம்.

மட்டமான சரக்கு

கிரெய்கிபர்னிலிருந்து சதீஷ் என்று ஒரு சென்னைக்காரர் வருவார். அவர் சுட்டதெல்லாம் இலக்குக்குக் கீழேயே போய் விழும். கடையில் வாங்கிய தோட்டாதான் காரணம் என்று சாதிப்பார். உண்மையில், வெடிக்கப்போகிறதே என்ற பயத்தில் கை முன்கூட்டியே துப்பாக்கியை அமுக்கிவிடுகிறது. அது அநேகமாக எல்லோருக்கும் வருகிற வியாதி. சுடுகிறவருக்கு மட்டும் தெரியாது.

அதைக் காட்டிக்கொடுக்க எங்களிடம் ஒரு வழி உண்டு. அவருடைய ரிவோல்வரை நானே நிரப்பி, நல்ல தோட்டாக்களுக்கு நடுவில் ஏற்கெனவே சுட்டு முடிந்த வெறுங்கோது ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். அதன் முறை வந்தபோது 'கிளிக்' என்றது, வெடி இல்லை. ஆனால் துப்பாக்கியின் வாய், சாமி கும்பிடுவதுபோல் சடாரென்று கீழே குனிந்தது. இப்போதாவது விளங்கியிருக்கும் என்று ஆசையோடு அவர் முகத்தைப் பார்த்தேன்.

"பாத்தீங்களாண்ணா, வெடிக்கவே இல்ல! மட்டமான சரக்குன்னு நான் அப்பவே சொன்னேன்ல?"

செபமாலையும் மருந்தும்

மரியான் அண்ணையும் ரெஜினா அக்காவும் மன்னார்ச் சோடி. அண்ணை சுடுவதில்லை என்றே சொல்லலாம். அனுமதிப்பத்திரம் எடுத்து, வீட்டுக் கராஜில் தோட்டா நிரப்புவார். சுடுவது அக்கா. அண்ணை செபமாலை சொல்லிக்கொண்டேதான் நிரப்புவார். மாலையின் ஒவ்வொரு மணிக்கும் ஒரு தோட்டா. கோதுக்குள் வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, குண்டைப் பொருத்தி, 'ஆமென்' சொல்லிப் பெட்டியில் வைப்பார்.

நான் நம்பவில்லை. நல்ல கைக்கு எந்தத் தோட்டாவும் ஒன்றுதான் என்று வாதாடினேன். ஒருநாள் துப்பாக்கியை அசையாமல் தாங்கியில் பூட்டிச் சுட்டுப் பார்த்தோம். கடைத் தோட்டாக்கள் தேத்தண்ணிக் கோப்பை அகலத்துக்குப் பரவின. அண்ணையின் தோட்டாக்கள் எல்லாம் ஒரு இரண்டு டொலர் நாணயக் குத்திக்குள் அடங்கிவிட்டன. பிறகு நான் கையில் பிடித்துச் சுட்டேன். கடையுடையதும் சரி, அண்ணையுடையதும் சரி, எனக்குச் சோற்றுத் தட்டு அகலம்தான். அக்கா சுட்டா. கடைத் தோட்டா தேத்தண்ணிக் கோப்பை அகலம். அண்ணையின் தோட்டா குத்தியை விடக் கொஞ்சம் பெரிது. இரும்புத் தாங்கியும் இந்த மனுசியும் கிட்டத்தட்ட ஒன்றுதான்! அண்ணைக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"தம்பி, என்ரை தோட்டா திறம் எண்டு எனக்குத் தெரியும். அதை ஆக்களுக்குக் காட்ட இவ ஒராள்தான் இருக்கிறா."

ஒரு புள்ளி

மாநில அணியில் ஒரேயொரு இடம் காலியாக இருந்தது. "கண் இனி விடாது தம்பி, இந்த முறைதான் கடைசி" என்று சொல்லிவிட்டுத்தான் அக்கா தெரிவுப் போட்டிக்கு வந்தா. பாதிப் போட்டி முடிந்தபோது அவதான் முன்னுக்கு நின்றா.

அடுத்தது வேகச் சுற்று. விரல் தாளம் தப்பாமல் சுட்டுக்கொண்டே போக வேண்டும். சுடாத தோட்டாவுக்குப் புள்ளி இல்லை. நடுவில் ஒரு வெடி கொஞ்சம் மந்தமாகக் கேட்டது. பின்னால் நின்ற எனக்கு அது உறைக்கக்கூட இல்லை. ஆனால் அக்காவின் விரல் அப்படியே நின்றுவிட்டது. துப்பாக்கியை இலக்கை நோக்கிப் பிடித்தபடியே மற்றக் கையை உயர்த்தினா. நேரம் ஓடி முடிந்தது. மிச்சத் தோட்டாக்களின் புள்ளிகளும் போயின.

திறந்து பார்த்தேன். குண்டு குழலுக்குள்ளேயே இறுகிக் கிடந்தது. இன்னொன்று சுட்டிருந்தால் துப்பாக்கி கையிலேயே வெடித்திருக்கும். அத்தனை வேகத்தில், அணியில் இடம் கண்ணுக்கு முன்னால் நிற்கும்போது, விரலை நிறுத்த ஒரு ஆளால் முடியுமா? அந்தக் கையைத் தொட்டுக் கும்பிடலாம் போலிருந்தது.

கடைசிச் சுற்றைக் கிளப் துப்பாக்கியாலும் கடைத் தோட்டாவாலும் சுட்டா. ஒன்றுகூட நடு வட்டத்தை விட்டு விலகவில்லை. இருந்தும் ஒரு புள்ளியால் இடம் போய்விட்டது.

அண்ணை வாகனத் தரிப்பிடத்தில் தலையில் கைவைத்து இருந்தார். அந்தத் தோட்டாவை நிரப்பிய அன்று, செபமாலை நடுவில் பக்கத்து வீட்டுக்காரர் வந்தாராம். எழும்பிப் போய்க் கதைத்துவிட்டு வந்து, விட்ட மணியிலிருந்து செபத்தைச் சரியாகத் தொடங்கியிருக்கிறார். கையிலிருந்த கோதுக்கு மருந்து போட்டாயிற்று என்று நினைத்துவிட்டார். மருந்தே இல்லாததால், கோதின் அடியிலிருக்கும் பொறியின் சிறு வெடி மட்டும் குண்டைக் குழலுக்குள் பாதி தள்ளி விட்டிருக்கிறது. "உன்ரை கையே போயிருக்குமடி. இனி நான் அந்தச் சாமானைத் தொடமாட்டன்" என்று அழுதார்.

அக்கா அவருடைய கையைப் பிடித்து எழுப்பினா.

"அடுத்த வருசமும் நீங்கள்தான் நிரப்புறியள். பிழைச்சா எனக்குக் கேக்கும்."

நல்ல குறிக்கு நல்ல கை வேணுமா, நல்ல தோட்டா வேணுமா என்று யாராவது இப்போது கேட்டால், முதலில் போய் நல்ல இடத்தில் ஒரு கலியாணத்தைக் கட்டிக்கொண்டு வாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.