வெள்ளத்துக்கு முன்னால் ஒரு வாங்கு

அந்த ஓவியத்தில் தண்ணீர் நீலமாக இருக்காது. சேற்றின் பழுப்பு. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் இத்தாலியில் எண்ணெய் வர்ணத்தில் தீட்டப்பட்ட, வேதாகமக் கதையில் வரும் நோவாவின் வெள்ளம் அது. தூரத்தில் கதவு சாத்திய பேழைக் கப்பல். முன்னால், அதில் இடம் கிடைக்காதவர்கள். மொட்டை மரமொன்றில் தொற்றிக்கொண்டு ஒருவன் தன் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறான். அவள் நெஞ்சுவரை தண்ணீரில் நிற்கிறாள். ஒன்பது வயதில் அதன் எதிரே கிடந்த நீண்ட மர வாங்கில் நான் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தனியே இருந்தேன்.

அப்போது சின்னம்மா வெம்பிளியில் எங்களோடு இருந்தார். அவருடைய அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. இரண்டு கிழமைக்கொருமுறை ஓர் அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்து வைக்கவேண்டும். அப்படிப் போன சிலரை அங்கேயே பிடித்துவைத்து, திருப்பி ஊருக்கு விமானம் ஏற்றியிருந்தார்கள். கையெழுத்து நாட்களில் சின்னம்மாவுக்குத் தேநீர்கூட இறங்காது. அன்று எனக்குப் பள்ளி விடுமுறை, அம்மாவுக்கு ஷிப்ட். என்னை விட்டுப் போக வேறு ஆளில்லாததால், நகரின் நடுவே அனுமதி இலவசமான அந்த ஓவியக் காட்சியகத்துக்குச் சின்னம்மா கூட்டிவந்தார். வாங்கில் இருத்தி, அம்மாவின் நம்பர் எழுதிய கடுதாசியை என் கோட்டுப் பையில் வைத்தார்.

"மூண்டு மணிக்குள்ளை நான் வராட்டி, அறை வாசலிலை இருக்கிற காவல்காரரிட்டை இதைக் குடு. அதுவரைக்கும் ஆர் கேட்டாலும் சின்னம்மா ரொய்லெற்றுக்குப் போயிட்டா எண்டு சொல்லு."

காவல்காரர் வயதானவர். இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் அதையே சொன்னேன். பிறகு அவர் கேட்கவில்லை. கதிரையை மட்டும் என் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணிமைத்தால் அந்த மனிதனின் பிடி நழுவிவிடும் என்று தோன்றியது. கண்கள் எரிந்து நீர் வழியும்வரை இமைக்காமல் இருந்தேன்.

மணி மூன்றானது. கை பைக்குள் போனது, ஆனால் கடுதாசியை எடுக்க முடியவில்லை. கொடுத்துவிட்டால் சின்னம்மா வரமாட்டார் என்பது உண்மையாகிவிடும். மூன்றேகால் ஆனது. காவல்காரர் எழுந்து என்னை நோக்கி வந்தார். கடுதாசியைக் கைக்குள் கசக்கிப் பிடித்தேன். அவருக்குப் பின்னால், ஓடிவந்த மூச்சோடு சின்னம்மா நின்றார்.

"கடுதாசியைக் குடுத்தனியா?"

இல்லையென்று தலையாட்டினேன். அவருக்குக் கோபம் வந்தது. மூன்று மணிக்குக் கொடு என்று சொன்னேனே என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். அப்படியே என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டார். அலுவலகத்தில் அவரைத் தனியறையில் இருத்தி வைத்துக் கேள்வி கேட்டுவிட்டு, அடுத்த முறையும் வரச்சொல்லி விட்டிருக்கிறார்கள். பிள்ளை காத்திருக்கிறது என்று ஏன் அவர்களிடம் சொல்லவில்லை என்று ரயிலில் கேட்டேன்.

"சொன்னா உன்னையும் பிடிச்சுப்போடுவாங்கள் எண்டு பயந்தன்."

அதற்குப் பிறகும் நான்கு வருடங்கள் அவர் கையெழுத்து வைத்தார். விசா கிடைத்து, இப்போது செவன் கிங்ஸில் சொந்த வீட்டில் இருக்கிறார். போன மாதம் என் மகளை அந்த ஓவியத்துக்கு முன் நிறுத்தினேன். அவள் கையை விட என்னால் முடியவில்லை. திரும்பும் வழியில் சின்னம்மா வீட்டுக்குப் போய், அந்த மரத்தையும் மணிக்கட்டையும் பற்றிச் சொன்னேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"எந்தப் படம்? நான் படம் ஒண்டும் பாக்கேல்லை, பிள்ளை. ஒவ்வொரு அறை வாசலிலையும் இருந்த காவல் ஆக்களின்ரை முகத்தைத்தான் பாத்துக்கொண்டு போனனான். அந்தக் கிழவரின்ரை முகத்தைக் கண்டாப் பிறகுதான் உன்னை அங்கை இருத்தினனான்."